இடித்த கல்லும் ஒன்றரை யூனிட் கணக்கும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டினோம். "இடிசல் எல்லாம் ஒரே டிராக்டர் லோடுல போயிடும்" என்றார் மேஸ்திரி. நானும் நம்பினேன். பாதிகூட ஏறவில்லை. மீதி தெருவில் குவிந்து, அன்று ராத்திரி பெய்த மழையில் மண் கரைந்து சாக்கடை அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் நின்றதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. விடியும் முன்பே மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு தரை, நாலு அங்குலம் பெயர்த்தால் 40 கன அடி. பத்தடி நீளம், எட்டடி உயர ஒன்பது அங்குலச் சுவர் 60 கன அடி. உடைத்தபின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பும். ஆக 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). இடிக்கும் முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: பேஸ்மட்டம் நிரப்பக் கல் கேட்டவர், உள்ளே பிவிசி பைப்பும் மரத்துண்டும் கிடப்பதைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். நியாயம்தான், மரம் மக்கினால் தரை இறங்கும். இரண்டு நாள் பிரித்தோம். இரும்பு, பைப் பழைய இரும்புக் கடைக்கு. செங்கல், காரை மட்டும் அவருக்கு. வண்டி வாடகையையும் அவரே கொடுத்தார்.

கொல்லையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் உடைக்க விடவில்லை. அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழுசாகவே இறக்கி, தார்ப்பாயில் சுற்றித் தனியாக வைத்தோம்.