குடல்வால் அறுவையில் நுழைவுக் கருவிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா வழியே பார்த்துக் குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) அகற்றும் அறுவைக்காக, பயிற்சி மருத்துவர்கள் மூன்று போர்ட் (வயிற்றுச் சுவர் வழியே கருவிகள் நுழையும் குழாய்) முறையையும், எல்லாவற்றையும் ஒரே துளையில் செலுத்தும் ஒற்றைத்துளைக் கருவியையும் ஒப்பிட்டு அட்டவணை கொண்டுவரும்போதெல்லாம், அவர்கள் வயதில் நான் போட்ட அட்டவணையே மறுபடியும் என் மேசைக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. எவர் கண்ணிலும் படக்கூடிய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

அச்சிட்ட எண்ணைக் காயத்தின் அளவாகக் கொள்வது

போர்ட்டின் மேல் 12 மி.மீ. என்றிருப்பது அதன் வழியே நுழையும் கருவியின் தடிமனைக் குறிக்கிறதே தவிர, வயிற்றுச் சுவரில் விழும் துளையை அன்று. குழாய்ச் சுவரையும் சேர்த்தால் விட்டம் கூடும். எவ்வளவு கூடும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். தவிர, நேர்க்கோட்டுக் கீறலில் ஓர் உருளையைச் செலுத்த, திசு சற்றும் நெகிழாது எனக் கொண்டால், உருளையின் சுற்றளவில் பாதி நீளத்துக்குக் கீற வேண்டும். 12 மி.மீ. விட்டத்துக்கு அது ஏறத்தாழ 19 மி.மீ.

என் பழைய அட்டவணையில் 12, 5, 5 ஆகியவற்றைக் கூட்டி 22 என்றும், ஒற்றைத்துளைக்கு 25 என்றும் எழுதி, மூன்றே மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக ஏன் மூன்று வடுக்கள் என்று கேட்டிருந்தேன். என் ஆசிரியர் பதில் சொல்லாமல், பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் வர்க்கத்தையும் ஓரத்தில் எழுதினார்: ஒரு பக்கம் 194, மறுபக்கம் 625. காயத்தின் விளிம்புகளை விலக்கும் மொத்த இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது என்னும் எளிய கணித மாதிரி அது. உடல் கணிதத்துக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. ஆனாலும் கீறல்களைச் சும்மா கூட்டிவிட முடியாது என்பது அன்றைக்கு உறைத்தது.

முழுவதும் உறைக்கவில்லை போலும். பின்னொரு நாள், வீங்கிய குடல்வாலை வெளியே எடுக்கத் தொப்புள் துளையைக் கத்தரியால் சற்று நீட்டினேன்; தோலில் தெரிந்ததோ சிறு கோடுதான். சில மாதங்கள் கழித்து அந்த நோயாளி, இருமும்போது தொப்புளருகே ஏதோ புடைக்கிறது என்று வந்தார். என் அறுவைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தோல் கீறலின் நீளம் இருந்தது; அடியிலுள்ள தசையுறையை எவ்வளவு திறந்தேன் என்பது இல்லை. இன்றும் என் முன் வரும் குறிப்புகளில் அதே இடம் வெறுமையாக இருப்பதைக் காணும்போது எரிச்சல் வருகிறது. வடு தொப்புளுக்குள் மறைந்துவிடலாம். குடலிறக்கம் வருவது தசையுறையில். ஆகவே மூடுவதற்கு முன் அளவுகோலைத் தசையுறையின் மேல் வைத்து அளந்து எழுதுங்கள். பெரியவர்களுக்கு 10 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள துளைகளில் அவ்வுறையைத் தைத்து மூடுவதே பொதுவான வழக்கம் என்பதால், தைத்தீர்களா, எந்த நூலால் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கருவியின் விலையை மட்டும் ஒப்பிடுவது

ஒரு போர்ட் தன்னோடு வேறு செலவுகளையும் இழுத்துவருகிறது. திசுவை ஊக்கிட்டு வெட்டும் ஸ்டேப்ளர்களில் பெரும்பாலானவற்றுக்கு 12 மி.மீ. வழி தேவை, குடல்வாலின் அடியை நூல் வளையத்தால் கட்டுவதாயின் 5 மி.மீ. போதும். காயவிரிப்பானில் அறுவைக் கையுறையை மாட்டிச் செய்யும் போர்ட் மலிவானதுதான். ஆனால் விரல் நுனிகளை வெட்டிக் குழாய்களைக் காற்றுக் கசியாமல் கட்டும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெடித்த குடல்வாலையும் வெடிக்காததையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். நோய் உண்டாக்கிய சீழைக் கருவியின் கணக்கில் எழுதுவதாகும் அது.

நுழைந்த முறையைக் குறிக்காமல் விடுவது

வெரெஸ் ஊசியால் வயிற்றுக்குள் காற்றேற்றிவிட்டு ட்ரோக்காரை (போர்ட்டை உள்ளே செலுத்தும் முனையுள்ள கருவி) செலுத்தினார்களா, அல்லது 1971-இல் மருத்துவர் ஹாசன் விவரித்தபடி திறந்து பார்த்து நுழைந்தார்களா என்று தெரியாமல், ரத்தக்குழாய்க் காயத்துக்கு ட்ரோக்காரின் முனையைக் குறை சொல்ல முடியாது.

முதல் சில அறுவைகளைக் கொண்டு தீர்ப்பெழுதுவது

ஒற்றைத்துளையில் கேமராவும் இரு கருவிகளும் ஒரே வாயில் வழியே ஏறக்குறைய இணையாக நுழைவதால், உள்ளே முனைகளும் வெளியே கைப்பிடிகளும் மோதிக்கொள்ளும். என் முதல் அறுவையில் கேமரா பிடித்த உதவியாளரின் மணிக்கட்டை எத்தனை முறை இடித்தேன் என்பதை அவர் இன்றும் மறக்கவில்லை. நானோ அன்றைய கூடுதல் நேரம் முழுவதையும் கருவியின் குறையாகவே அட்டவணையில் எழுதிவைத்திருந்தேன்.