ரெட் ஒயினையும் ஃபிரிட்ஜில் வையுங்கள்

"ரெட் ஒயினைக் குளிர வைக்கக் கூடாது, அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டும்." ஒயினைப் பற்றி வேறெதுவும் தெரியாதவர்கூட இதைச் சொல்வார். இந்த விதி பிறந்த அறை வேறு. வீடு முழுக்க ஹீட்டர் ஓடாத காலத்து ஐரோப்பிய வீட்டில் அறை என்றால் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாதத்து அறை, மின்விசிறி சுழன்றாலும், 32 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசனை அதற்கடியில் அமுங்கிவிடும். நல்ல ஒயினும் காய்ச்சிய கஷாயம் போல இருக்கும்.

கேபர்னே சாவின்யான், ஷிராஸ் போன்ற கனமான ரெட் ஒயின்களுக்கு 16–18 டிகிரி. பினோ நுவார் போன்ற மெல்லியவற்றுக்கு 12–14. வொயிட் ஒயினுக்கு 8–12, ஷாம்பெயின் வகைகளுக்கு 6–8. "பரிமாறும் முன் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வை" என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் இருப்பது 22 டிகிரி அறைக்கான கணக்கு. 32 டிகிரியில் கிடந்த பாட்டில் 17-க்கு இறங்க ஃபிரிட்ஜில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை இறக்குங்கள். வெறும் ஐஸில் புதைப்பது பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. கட்டிகளுக்கு இடையே இருப்பது காற்று. அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீரோ பாட்டிலை முழுக்கத் தழுவும். ரெட் ஒயினுக்கு 8–10 நிமிடம், வொயிட் ஒயினுக்கு 20 நிமிடம். ஒரு கைப்பிடி உப்பும் போட்டால் இன்னும் சீக்கிரம். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் ஒயின் உறைந்து, பெருத்து, கார்க்கைத் தள்ளும். பாட்டிலே விரிசல் விடவும் கூடும்.

எதிர்த் தவறும் உண்டு. 4 டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் வொயிட் ஒயினில் புளிப்பு மட்டுமே தெரியும். 15 நிமிடம் மேசையில் இருக்கட்டும். மலிவான, சுவையில்லாத ஒயின் என்றால் சில்லென்றே குடித்துவிடுங்கள், குறை தெரியாது.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாசனை தங்க மேலே இடம் வேண்டும், நம் ஊர்ச் சூட்டில் மிச்சமும் குளிர்ச்சியாகவே பாட்டிலில் இருக்கும். கோப்பையைத் தண்டில் பிடிப்பதும் ஒயின் சூடாகாமல் இருக்கத்தான்.

"கார்க்கைத் திறந்து வைத்தால் ஒயின் மூச்சுவிடும்" என்பதும் வெறும் நம்பிக்கை. பாட்டில் கழுத்தில் காற்றுப்படும் பரப்பு ஒரு ரூபாய் நாணயத்தளவுதான். துவர்ப்பு மிகுந்த இளம் ரெட் ஒயினுக்குக் காற்று தேவையென்றால் அகன்ற ஜாடியில் முழுதாக ஊற்றி அரைமணி முதல் ஒருமணி நேரம் வையுங்கள். பழைய ஒயினுக்கு இதைச் செய்தால் இருக்கும் கொஞ்ச வாசனையும் பறந்துவிடும். அதற்கு முதல்நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியபின் கலங்காமல் சாய்த்து ஊற்றினால் போதும்.

பழையது என்றாலே உயர்ந்தது என்பதை நம்பிப் பரிசாக வந்த பாட்டிலைப் பத்து வருடம் அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. விற்பனையாகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே தயாராவது. நெடுநாள் காக்கத்தக்க ஒயினும் 12–13 டிகிரியில், வெளிச்சம் படாமல், படுக்க வைத்தால்தான் தேறும். ஃபிரிட்ஜுக்கு வெளியே அதன் தலைமேல் வைப்பது மிக மோசம்: சூடு, அதிர்வு இரண்டும் சேரும்.

திருகு மூடி என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணத்தையும் விடலாம். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வொயிட் ஒயின் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். காரணம், கெட்ட கார்க் தரும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். அந்த நாற்றம் அடித்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

உணவோடு சேர்ப்பதில் "கறிக்கு ரெட், மீனுக்கு வொயிட்" என்பதைவிட மசாலாவைப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோழிக்கு 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸைத் திறந்தால் அந்த ஆல்கஹாலும், துவர்ப்பைத் தரும் டானினும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். வாழைப்பூ மென்றதுபோல வாயும் கட்டும். லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங்கைக் குளிரவைத்துக் கொடுங்கள். மசாலா அடக்கமான வறுத்த மீனுக்கு, டானின் குறைந்த பினோ நுவார் தாராளமாக ஒத்துப்போகும்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், ரெட் ஒயினையும்தான். மூன்று நாள் தாங்கும். ஷாம்பெயின் பாட்டில் வாயில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி போகாது என்பார்கள். ஸ்பூனால் ஒன்றும் ஆகாது. கழுத்தைக் கவ்வும் அழுத்த மூடி வாங்கிக்கொள்ளுங்கள்.