சிலிக்கான் மேல் ஒரு மூலக்கூறு தடிமனில் வழுக்குப் படலம்: ஓ.டி.எஸ். பூசும் முறை

நுண்கருவிகளில் மயிரிழையை விட மெல்லிய சிலிக்கான் பாகங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும், உரசினால் தேயும். எண்ணெய் விடவும் முடியாது. அவ்வளவு சிறிய இடத்தில் எண்ணெயே பாகங்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். அதற்குத்தான் ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன், சுருக்கமாக ஓ.டி.எஸ். இதன் தலை சிலிக்கானைப் பிடித்துக்கொள்ளும். 18 கார்பன் கொண்ட வால் மேலே நிற்கும். நாற்றங்கால் பயிர்போல நெருக்கமாக நின்றால் சுமார் 2.5 நானோமீட்டர் தடிமனில் படலம் கிடைக்கும்.

முதலில் சுத்தம். வேஃபர் (மெல்லிய சிலிக்கான் தகடு) துண்டை அசிட்டோனிலும் ஐசோபுரொப்பனாலிலும் கழுவி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, புற ஊதா ஓசோன் கருவியில் 20 நிமிடம் வையுங்கள். சிலர் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் பிரானா கரைசல் (அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். கரிமக் கரைப்பான் கொஞ்சம் கலந்தாலும் அது வெடிக்கும். சுத்தமான துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் பரவி ஓடும். பரவவில்லையா? மறுபடி ஓசோன்.

அப்புறம் கரைசல். ஈரமில்லாத டொலுயீன் 50 மில்லிலிட்டரில் ஓ.டி.எஸ். 20 மைக்ரோலிட்டர் விட்டால் ஏறக்குறைய 1 மில்லிமோலார் செறிவு (லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல்) வரும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும், அதனால் ஃபியூம் ஹூடும் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கையுறையும் கட்டாயம். கண்ணாடிப் பீக்கரிலும் இது பூசிக்கொள்ளும் என்பதால் டெஃப்லான் பாத்திரம் நல்லது.

எல்லாம் கெடுவது தண்ணீரால்தான். துண்டின் மேல் துளி ஈரம் இருந்தால்தான் மூலக்கூறுகள் பிடிக்கும். காற்றின் ஈரம் கூடினாலோ கரைசலுக்குள்ளேயே ஒன்றோடொன்று பிணைந்து திரளும். ஒரு மழைநாளில் நான் எடுத்த துண்டில் கண்ணுக்கே தெரிந்தது: பால் சிந்திய மாதிரி வெள்ளைப் புள்ளிகள், விரல் பட்டால் மெழுகாக வந்தன. அதிலிருந்து உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பாக்ஸில்தான் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) செய்கிறேன். அறை வெப்பமும் 28 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வால்கள் ஒழுங்காக அடுக்காது.

சரி, துண்டை ஒரு மணி நேரம் மூழ்கவைத்து இடுக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். படலம் நன்றாக வந்திருந்தால் கரைசல் தானாக வழிந்து, துண்டு ஏறக்குறைய காய்ந்தே வெளிவரும். அதைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சியே தனி! புது டொலுயீனில் அலசி, காயவைத்து, 110 டிகிரியில் 15 நிமிடம் சூடேற்றுங்கள்.

இனி அதே தண்ணீர்ச் சொட்டு. இம்முறை தாமரை இலை மேல் விட்டதுபோல உருண்டு நிற்க வேண்டும், தொடுகோணம் (சொட்டின் விளிம்பு துண்டோடு சேரும் கோணம்) சுமார் 110 டிகிரி. 90 பக்கம் இருந்தால் படலத்தில் இடைவெளி இருக்கிறது. மிச்சக் கரைசலை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிதாகக் கலந்து சுத்தத்திலிருந்தே தொடங்குங்கள்.