அக்கிலிஸ் வலி போனது எப்படி – என் அனுபவம்

குதிகாலுக்கு மேல இருக்கற அக்கிலிஸ் டெண்டன்ல (கெண்டைக்கால் தசைய குதிகால் எலும்போட இணைக்கற நாண்) ரொம்ப நாளா வலிங்க, காலைல முதல் அடி வைக்கறப்போ முறுக்கின கயிறு மாதிரி விறைச்சு நிக்கும், ரெஸ்ட் எடுத்தா குறையும், ஓட ஆரம்பிச்சா திரும்ப வந்துடும். வீடியோல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதனால பிசியோதெரபி ஆராய்ச்சிகளுக்குன்னே இருக்கற பீட்ரோ டேட்டாபேஸ்ல தேடினேன் (இலவசம்தான், சிகிச்சைய ஆளுங்ககிட்ட சோதிச்சுப் பார்த்த ட்ரையல்களுக்கு 10க்கு மார்க் போட்டிருப்பாங்க, எத நம்பலாம்னு பார்க்க பெரிய உதவி). படிக்க படிக்க ஸ்வீடன் டாக்டர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998ல வெளியிட்ட உடற்பயிற்சி முறைல வந்து நின்னேன்.

படி விளிம்புல முன்பாதத்த வச்சு, நல்ல கால்ல ஏறி, வலிக்கற கால்ல குதிகால மெதுவா கீழ இறக்கணும், முட்டிய நீட்டி 15 தடவ 3 செட், லேசா மடக்கி இன்னொரு 3 செட், தினம் ரெண்டு வேளை, 12 வாரம். செய்யறப்போ கொஞ்சம் வலிச்சா பரவால்ல, ஈஸியா ஆனதும் முதுகுப்பைல வெயிட் ஏத்திக்கணும்.

பிசியோகிட்ட காட்டிட்டுதான் ஆரம்பிச்சேன், ஏன்னா டெண்டன் எலும்போட ஒட்டற இடத்துலயே வலின்னா படிக்கு கீழ இறக்காம தரையோட நிறுத்திக்கணும். ஆரம்பத்துல ஒண்ணுமே மாறாது, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, எனக்கு அப்புறம்தான் காலை விறைப்பு குறைஞ்சுது. இப்போ ஓடறேன், வெயிட்டோட இதயும் தொடர்ந்து செய்யறேன்.