தினசரி கலோரிக் கணக்கு: உழைப்பை இருமுறை கூட்டாதீர்கள்

எடையைக் குறைப்பதற்காகக் கலோரிக் கணக்கு எழுதத் தொடங்கியவர்களின் கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்ப்பது, உணவியல் ஆலோசகரான என் அன்றாட வேலைகளில் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் என் வகுப்புத் தோழிகளும் எழுதிக்கொடுத்த தாள்களில் இருந்த அதே பிழைகள், இப்போது வண்ண வரைபடங்களோடு திரையில் வந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை எழுதாமல் விடுவது, கல்யாணப் பந்தியைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்பது அவற்றைச் செய்பவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

உழைப்பை இருமுறை கூட்டுவது

மற்ற தவறுகளையெல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இதை மட்டும் இன்றுவரை முடியவில்லை. இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகக் கணக்கு எழுதுபவர்கள் என்பதுதான் அதற்குக் காரணம்.

உடல் ஓய்வில் இருக்கும்போது உயிர்வாழ்வதற்காக மட்டும் செலவிடும் ஆற்றலைக் கணிக்க, 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆலும், உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆண்களுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்களுக்கு 161 கழிக்க வேண்டும். வரும் விடையை உழைப்புக்குரிய காரணியால் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு கிடைக்கும். உட்கார்ந்த வேலைக்கு 1.2, இலேசான உழைப்புக்கு 1.375, மிதமான உழைப்புக்கு 1.55 என்று பல செயலிகள் வைத்திருக்கின்றன. தவறு நுழைவது இந்தக் காரணியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான்.

காசாளராக வேலை பார்க்கும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். வயது 42, எடை 72 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். மாதக்கணக்கில் எழுதியும் எடை இம்மியும் குறையவில்லை. "பொய் எழுதல மேடம், சுண்டலைக்கூட எடை போட்டுத்தான் சாப்பிட்டேன்" என்றார். அவர் பொய் எழுதவில்லை என்பது செயலியைப் பார்த்ததுமே தெரிந்தது. சூத்திரப்படி அவருடைய ஓய்வுச் செலவு 1324 கலோரி. தினமும் காலையில் 45 நிமிடம் நடப்பதால் தம்மை மிதமான உழைப்பாளி என்று பதிவு செய்திருந்தார், செயலி 1.55-ஆல் பெருக்கி, நாளொன்றுக்கு 2052 கலோரி செலவாகிறது என்று சொல்லியிருந்தது. அதில் 500-ஐக் குறைத்து 1552-ஐத் தம் இலக்காக வைத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கைக்கடிகாரம் அதே காலை நடைக்கு 190 கலோரி என்று காட்டியது. செயலி அதையும் தானாகவே இலக்கில் சேர்த்துக்கொண்டது. ஆக, அவர் சாப்பிட்டது 1742.

உண்மையில் அவருக்குச் செலவானது எவ்வளவு? நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, ஆகவே 1324-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1589. நடைக்குக் கடிகாரம் காட்டிய 190-இல், நடக்காமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் செலவாகியிருக்கக்கூடிய 50 கலோரியும் அடக்கம். அதை நீக்கினால் நடைக்கு உரியது 140. மொத்தம் 1729. செலவு 1729, வரவு 1742. ஒரே நடையைக் காரணியில் ஒருமுறை, கடிகாரத்தின் வழியே மறுமுறை என்று கூட்டியதால், 500 கலோரி பற்றாக்குறை என்று அவர் நம்பியது முழுவதும் காணாமல் போயிருந்தது.

விரயமானது மாதங்கள் மட்டுமல்ல. தைராய்டு கோளாறாக இருக்குமோ என்று இரத்தப் பரிசோதனை செய்து, அதில் குறையில்லை என்றதும், "என் உடம்பு வாகே இப்படித்தான்" என்று முடிவுகட்டி, ஒரு நாளைக்கு 900 கலோரி என்று இறங்கியிருந்தார். என்னிடம் வந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது, படியேறினால் கால் தளர்ந்தது. செயலியில் தவறாகத் தொட்ட ஒரு பொத்தானுக்கு இத்தனை விலை.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகள், உழைப்பைத் தொழிலை வைத்தே பிரிக்கின்றன. ஆசிரியரும் தையல்காரரும் உட்கார்ந்த வேலையில் வருகிறார்கள். கொத்தனாரும் தச்சரும் விவசாயக் கூலியும் மிதமான உழைப்பில் வருகிறார்கள். கல்லுடைப்பவரும் சுரங்கத் தொழிலாளியும் கடும் உழைப்பில் வருகிறார்கள். அந்த நிறுவனத்தின் காரணிகள் செயலிகளின் காரணிகளோடு அப்படியே ஒத்துப்போகாவிட்டாலும், பிரிக்கும் முறை கவனிக்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1660 கலோரி, மிதமான உழைப்பு என்றால் 2130 கலோரி. இடையிலுள்ள 470 கலோரி சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு உரியது. பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அலுவலக நாற்காலிக்குப் போகிறவருக்கு உரியது அன்று.

செய்ய வேண்டியது எளிது. உடற்பயிற்சியைக் கணக்கிலேயே எடுக்காமல், மீதி நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் வைத்துக் காரணியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியின் நிகரச் செலவை (சும்மா இருந்தாலும் ஆகியிருக்கும் செலவு நீங்கலாக) ஒரே ஒருமுறை கூட்டலாம்; இல்லையென்றால் தினசரி நடையையும் உள்ளடக்கி 1.3 என்று வைத்துக்கொண்டு, கடிகாரத்துக்கும் செயலிக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்துவிடலாம். அந்தப் பெண்மணிக்கு இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வருகிறது. 1400 கலோரியை இலக்காக வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 330 கலோரி குறையும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்ற பழைய கணக்கின்படி, இது வாரத்துக்கு 300 கிராம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவில் அவரால் மூன்று வேளையும் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

சூத்திரத்தின் விடையைத் தீர்ப்பாகக் கொள்வது

ஒரே வயதும் எடையும் உயரமும் உடைய இருவரின் உண்மைச் செலவு, சூத்திரம் சொல்வதிலிருந்து பத்து விழுக்காடு மேலோ கீழோ இருப்பது சாதாரணம். ஆகவே சூத்திரத்தின் விடையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை எழுதிவர வேண்டும். ஒரு நாள் எடையை நம்பவே கூடாது. முந்தின இரவு அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டிருந்தாலோ, மாதவிடாய் நெருங்கியிருந்தாலோ, உடல் தேக்கிவைக்கும் நீரே ஒரு கிலோவுக்கு மேல் காட்டும். நான்கு வாரச் சராசரிகள் அசையவில்லை என்றால், நாளொன்றுக்கு 100 கலோரி மட்டும் குறைத்துப் பாருங்கள்.

எண்ணெயைக் கண் அளவாக எழுதுவது

"ரெண்டு ஸ்பூன்தான் ஊத்துவேன்" என்பதை நான் இப்போதெல்லாம் எழுதிக்கொள்வதே இல்லை. மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் எண்ணெய் இருக்கிறது, கிராமுக்கு 9 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்கிறது என்றால், தலைக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்குச் சற்று அதிகம். மளிகைச் சீட்டு சொல்லும் இந்தக் கணக்கை நாள்தோறும் அப்படியே எழுதிவிட்டால், தாளிப்பையும் தோசைக்கல்லையும் தனித்தனியாகத் துரத்த வேண்டியதில்லை.

அரிசியின் கலோரியைச் சோற்றுக்கு எழுதுவது

100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி, 100 கிராம் சோறு ஏறத்தாழ 130.

எல்லாருக்கும் 1200 கலோரி என்பது

எடை, உயரம், வயது எதையும் கேட்காமல் சொல்லப்பட்ட எண் உங்களுக்கு உரியதன்று.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாகக் குறைப்பது

கூடவே கூடாது, உணவைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது.

பழைய எடைக்குப் போட்ட கணக்கையே தொடர்வது

72 கிலோவில் போட்ட கணக்கு 64 கிலோவில் செல்லாது. மேலே சொன்னவருக்கு அப்போது ஓய்வுச் செலவு 1244-ஆக இறங்கிவிடும், 1.3-ஆல் பெருக்கிப் பார்த்தால் மொத்தச் செலவில் ஏறத்தாழ 100 கலோரி குறைந்திருக்கும். பலருக்கு உண்மையான குறைவு இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும், ஏனெனில் குறைவாகச் சாப்பிடும் உடல் அறியாமலே அசைவையும் குறைத்துக்கொள்கிறது. நாலைந்து கிலோ இறங்கியதும் சூத்திரத்தை மீண்டும் போட்டுப் பாருங்கள். 100 கலோரி என்பது தட்டில் 80 கிராம் சோறு, அதை எந்த வேளையில் எடுத்துவிடலாம் என்பதை அவரவர் பசியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.