சின்னத் தேள் என்று சொல்வதற்கு முன்

போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், இரவு நடை. கிளுவை வேலி ஓரம் புற ஊதா டார்ச் பட்டதும் இரண்டு விரற்கடை நீளத்தில் ஒரு தேள் பச்சையாக மின்னியது. கூட வந்த பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, "அண்ணா, லைக்கஸ்ங்ணா!" என்றான். லைக்கஸ் என்பது வளர்ந்தாலும் சின்னதாகவே இருக்கும் ஒரு தேள் வகை. எனக்குச் சுருக்கென்றது. தேள் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தப்புகளில் சிலதை இங்கே எழுதுகிறேன். செருப்பில்லாமல் போவது, பொந்துக்குள் கை விடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இரவில் காட்டுக்கே போக வேண்டாம்.

குஞ்சைப் பார்த்து ஜாதி சொல்வது

பத்து வருடம் முன்பு நானும் இதையே செய்தேன். சென்னிமலைக் கரட்டடியில் கல்லுக்கடியில் வெளுத்த, சின்னத் தேள். பக்கத்தில் ஆடு பட்டியடைத்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏந்தம்பி, செந்தேளுக் குஞ்சாட்ட இருக்குதே" என்றார். "இல்லீங்கய்யா, இது சின்ன ஜாதிங்க, இவ்வளவுதான் வளரும்" என்று பாடம் எடுத்தேன். எடுத்த கையோடு அதை விரலால் பாட்டிலுக்குள் தள்ளினேன். கொட்டியது. அரை மணியில் சட்டை நனைய வியர்வை, வாந்தி, கை கால் ஜில்லென்று ஆகி நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரியில் பிராசோசின் மாத்திரை கொடுத்து விடியும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பெரியவர் சொன்னதுதான் சரி.

செந்தேளும் லைக்கஸும் புத்திடே என்ற ஒரே குடும்பம். ஜாடை ஒட்டத்தான் செய்யும். முழுதாக வளர்ந்த செந்தேள் 5 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். அதன் குஞ்சு வளர்கிற வழியில் லைக்கஸின் அளவைத் தாண்டித்தானே போக வேண்டும்? நிறமும் தோல் உரிக்க உரிக்க மாறும். அளவும் நிறமும் வைத்துப் பெயர் சொல்வது குருட்டாம்போக்கு.

வளர்ந்தாலும் மாறாததைப் பாருங்கள். தேளைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, அடியிலிருந்து லென்ஸ் வையுங்கள். கடைசிக் கால்களுக்குப் பின்னால் இரண்டு சீப்புகள் தெரியும். சீப்பின் பல் எண்ணிக்கை பிறந்த நாளிலிருந்து மாறாது. செந்தேளுக்கு ஒரு பக்கம் முப்பதை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், லைக்கஸுக்குக் குறைவு. அப்புறம் கொடுக்கு. விஷப்பை முடிந்து ஊசி தொடங்குமிடத்தில், அடிப்பக்கம் குட்டி முள் ஒன்று துருத்தினால் லைக்கஸ் பக்கம் போகலாம். செந்தேளுக்கு அந்த முள் கிடையாது.

அன்றைக்கு அந்தப் பையனை எண்ண வைத்தேன். இரண்டு முறை தப்பாக எண்ணி, மூன்றாவது முறை முப்பத்தொன்றில் நின்றான். முள்ளும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பச்சைப் படம்

புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தை அனுப்பி என்ன இனம் என்று கேட்காதீர்கள். அதில் எல்லாத் தேளும் பச்சை.

மின்னவில்லை, அதனால் தேள் இல்லை

தோல் உரித்த கையோடு இருக்கும் தேள் சரியாக மின்னாது. சாதா டார்ச்சும் வேண்டும்.

புரட்டிய கல்

இருந்தபடியே திருப்பி வையுங்கள்.