தீபாவளிப் பலகார ஆர்டரா? முதலில் உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்
வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் சுட்டு விற்பவர்கள் பலரும் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலை அனுப்புகிறார்கள், அதற்குள் பாதிப் பேர் வேறு இடத்தில் சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். இது தெரியாமல் 'யாருமே பதில் போடலையே' என்று புலம்புகிறவர்கள் அதிகம். அதனால் இப்போது விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும், "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், தீபாவளிப் பட்டியல் வரும்" என்று ஒரு துண்டுச் சீட்டு போட்டுவிடுங்கள். குரூப் மட்டும் வேண்டாம், எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், அப்புறம் பேரமும் அங்கேயே நடக்கும்!

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம்தான். அதில் 'முன்பணம் வந்தது', 'பாக்கி' என்று லேபிள் போட்டுக்கொண்டால் நோட்டைப் புரட்ட வேண்டாம்.

ஆர்டரை எந்தத் தேதியோடு நிறுத்துவது என்பதைப் பலகாரத்துக்குப் பலகாரம் தனியாக வையுங்கள். முறுக்கை முந்தின நாள்கூடச் சுடலாம், அதிரச மாவு பாகில் ஊறவே ஒன்றிரண்டு நாள் வேண்டும், அதற்குக் கடைசி நேர ஆர்டரை எடுக்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.